மறுநாளும் உலக்கை நிற்குமா?

அன்புள்ள ஐயா,

மதுரை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோவது பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்து, நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்த ஆண்டு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ‘பிரபஞ்சம் எப்படித் தோன்றியது?’ என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவு வைத்தேன். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தேன். 60 நாற்காலி போட்டேன். நோட்டீஸ் அடித்து டீக்கடைகளில் எல்லாம் கொடுத்தேன். வந்தவர்கள் 17 பேர். அதில் 9 பேர் என் மாணவர்கள், நான் சொன்னதற்காக வந்தவர்கள்.

ஒரு மணி நேரம் பேசினேன். கேள்வி கேட்கலாம் என்றதும் ஒரு பெரியவர் எழுந்து, “கிரகணத்தப்போ உலக்கை தானா நிக்குதே, அது எப்படி?” என்று கேட்டார். அதெல்லாம் மூடநம்பிக்கை, அதற்கு அறிவியலில் இடமில்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், கூட இரண்டு பேரும் போய்விட்டார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மக்களுக்கு உண்மையிலேயே அறிவியலில் ஆர்வம் இருக்கிறதா? யூடியூபில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் கூட்டம் போட்டுப் பேசுவதில் பொருள் உண்டா? தொடரலாமா, விட்டுவிடலாமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் கூட்டத்துக்கு வந்த 17 பேரில் தான் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பிரபஞ்சம் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கியது என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பலாம், நம்பாமல் போகலாம், அதைச் சோதித்துப் பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் உலக்கை அவர் வீட்டில் இருக்கிறது. அது நின்றதை அவர் பார்த்திருக்கிறார். நீங்கள் அதை மூடநம்பிக்கை என்று சொன்னபோது அவர் காதில் என்ன விழுந்திருக்கும்? ‘நீ பார்த்ததைப் பார்க்கவில்லை’ என்றுதான் விழுந்திருக்கும். அவர் எழுந்து போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் இதையேதான் செய்தேன். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியிலும் ராமேஸ்வரத்திலும் கங்கண கிரகணம் தெரிந்ததே, நண்பகலுக்குப் பிறகு சூரியன் பத்து நிமிடம் போல வளையமாகவே நின்றது, அந்தப் பயணத்தில் வழியில் ஒரு ஊரில் இறங்கினோம். ஒரு வீட்டு வாசலில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். சுற்றி முப்பது நாற்பது பேர். நான் போய், இதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று பேசினேன். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், உலக்கை என் கண் முன்னாலேயே நின்றுகொண்டே இருக்கிறது. அந்த வாதத்தில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னது சரி, ஆனால் சரி என்று காட்டுவதற்கு அங்கே என் கையில் எதுவும் இல்லை. வெறும் சொல்தான் இருந்தது, அதுவும் வெளியூர்க்காரன் சொல்.

அப்புறம் ரொம்ப நாள் இதை யோசித்தேன். உலக்கை நிற்கிறது என்பது உண்மை. ‘கிரகணத்தின்போது மட்டும்தான் நிற்கும்’ என்பதுதான் பிழை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ‘மட்டும்’ என்ற ஒரு சொல்லைத்தான் நாம் பேச வேண்டும், அதைக் கிரகணத்தன்று பேசவே முடியாது. மறுநாள்தான் பேச முடியும்.

2019 டிசம்பர் 26 காலை அடுத்த கங்கண கிரகணம் வந்தது. கோவை, ஈரோடு, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே போய் யாழ்ப்பாணம் வரைக்கும். நாங்கள் ஐந்து பேர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். எட்டு மணி சுமாருக்குத் தொடங்கியது, ஒன்பதரை மணி வாக்கில் வளையம், மூன்று நிமிடம். மெல்லிய மேகம் இருந்தது, ஆனாலும் நன்றாகவே தெரிந்தது. சாவடிக்குப் பக்கத்தில் கிரகணம் பார்க்கும் கண்ணாடிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த தெருவில் உலக்கை நிறுத்தியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் குழுவில் இருந்த ஒரு இளைஞருக்குக் கோபம். நான் அவரைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே போனேன்.

உலக்கையை நிறுத்தியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆத்தா. அவர் கை அப்படிப்பட்ட கை, அறுபது வருடம் உலக்கை பிடித்த கை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஆத்தா, இதை நாளைக்கும் நிக்க வெச்சுப் பாக்கலாமா?” என்று கேட்டேன். “நாளைக்கு எப்படிய்யா நிக்கும்?” என்றார். “நிக்காட்டி நீங்க சொல்றதை நான் ஒத்துக்கிறேன். நின்னுச்சுன்னா ஏன்னு ரெண்டு பேரும் சேந்து யோசிப்போம்.” சரி என்றார்.

நாங்கள் அன்று இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, முந்தின நாள் கிரகணம் பார்க்க வந்ததைவிட அதிகக் கூட்டம், வேலைக்குப் போகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். இளவட்டங்கள் நாலைந்து பேர் முதலில் முயன்றார்கள், ஒவ்வொரு தடவையும் விழுந்தது, ஒவ்வொரு தடவை விழும்போதும் “பாத்தீங்களா” என்று ஒரு சத்தம். அப்புறம் ஆத்தா வந்தார். குனிந்து, இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக அசைத்து அசைத்து, எங்கே அது கையைத் தள்ளாமல் இருக்கிறது என்று தேடினார். விட்டார். நின்றது.

யாரும் பேசவில்லை. ஆத்தாதான் முதலில், “இதென்னடா இது” என்றார்.

உடனே கூட்டத்தில் ஒருவர், “நேத்து கிரகணத்தோட மிச்ச சக்தி இருக்கும்ல?” என்று கேட்டார். என்னோடு வந்த இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார், எனக்கோ அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அது ஒரு கருதுகோள், அதுவும் சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோள். “அப்படின்னா எத்தனை நாள்ல அந்தச் சக்தி தீரும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். யோசித்து, ஒரு வாரம் என்றார். சரி, அடுத்த வியாழக்கிழமை பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம், எங்களால் மறுபடி போக முடியவில்லை. 2020 ஜனவரி 2 அன்று சாயங்காலம் அந்த ஊரிலிருந்து போன் வந்தது. “நிக்குதுங்க.” அதோடு விடவில்லை, எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், மஞ்சள் தண்ணி இல்லாமல் நிற்குமா என்று கேட்டிருக்கிறாள். வெறும் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தார்கள், நின்றது. தாம்பாளம் இல்லாமல் சிமென்ட் தரையில், நின்றது. தலைகீழாகத் திருப்பி வைத்தால்? அந்தப் பக்கத்துப் பூண் தேய்ந்து உருண்டையாகிவிட்டதாம், அதனால் நிற்கவில்லை. ஏன் இந்த முனையில் நிற்கிறது, அந்த முனையில் நிற்கவில்லை என்று அவர்களே பேசி, அடிப்பக்கம் தட்டையாக இருப்பதுதான் காரணம் என்று வந்து சேர்ந்திருந்தார்கள்.

நான் பார்த்த எந்தச் சொற்பொழிவும், நான் பேசிய எந்தச் சொற்பொழிவும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. நாங்கள் ஊரில் இல்லாதபோது அது நடந்தது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

நீங்கள் இயற்பியல் ஆசிரியர், காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். உலக்கையின் எடை மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால் அது அடிப்பூணின் தட்டையான பரப்புக்குள் விழுந்தால் போதும், உலக்கை நிற்கும். ஐந்து அடி உலக்கைக்கு அடிப்பக்கம் இரண்டு அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், நேராக இருப்பதிலிருந்து இரண்டு பாகைக்குக் குறைவாகச் சாய்ந்திருக்கும் வரை தாங்கும். அந்த இரண்டு பாகைக்குள் கொண்டுவருவதற்குத்தான் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். கிரகணத்தன்று மட்டும் நிற்பது போலத் தெரிவதற்குக் காரணம், மற்ற நாளில் யாரும் முயன்று பார்ப்பதில்லை. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று மேலே இழுக்கின்றன என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கும் கேள்வியாலேயே பதில் சொல்லலாம். ஒவ்வொரு அமாவாசைக்கும் இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையில்தான் இருக்கின்றன, அப்படியானால் மாதா மாதம் நிற்க வேண்டுமே? அப்புறம், 2019-இல் காலை ஒன்பதரை மணிக்குச் சூரியன் கிழக்கே சாய்வாக இருந்தது, அங்கிருந்து இழுத்தால் உலக்கை கிழக்கே அல்லவா சாய வேண்டும்?

அதனால் உங்கள் பெரியவரைத் தேடிப் போங்கள். ஊர் சிறியது, கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு ஐயா, உங்கள் உலக்கையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேளுங்கள். இதைத் தந்திரமாகச் செய்யச் சொல்லவில்லை. நிஜமாகவே அவரிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மக்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எனக்கு 1980 ஞாபகம் வருகிறது. பிப்ரவரி 16, முழுச் சூரிய கிரகணம், கர்நாடகம் ஆந்திரம் வழியாகப் போனது, எங்களுக்குப் பாதிக்கு மேல் மறைந்த பகுதிக் கிரகணம். எனக்கு ஒன்பது வயது. நாடே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட நாள் அது. ஜனங்கள் வெளியே வராமல் இருக்கட்டும் என்று தூர்தர்ஷன் மத்தியானத்தில் ஒரு இந்திப் படம் போட்டது. எங்கள் ஊரில் டிவி ஏது, அம்மா எங்கள் மூன்று பேரையும் நடுவீட்டில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினார். நாட்டு ஓடு போட்ட வீடு. ஓட்டு இடுக்கு வழியாகத் தினமும் தரையில் காசு காசாக வெளிச்சம் விழும். அன்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் காசுகள் எல்லாம் ஒரு பக்கம் கடிபட்டதுபோல ஆகி, கொஞ்ச நேரத்தில் பிறைகளாகிவிட்டன. தரை முழுக்கப் பிறை. நாங்கள் கத்தினோம். அம்மாவும் வந்து பார்த்தார், பயந்தார், ஆனாலும் போகவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு நாளும் அந்த வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள்தான் என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. கதவைச் சாத்திய வீட்டுக்குள்ளும் கிரகணம் வந்தது, அதைப் பார்க்க என் அம்மாவுக்கும் ஆசை இருந்தது. ஆர்வம் இல்லாத மனிதரை நான் இதுவரைக்கும் பார்க்கவில்லை.

அந்த ஓட்டு வெளிச்சத்தை நினைத்துத்தான் இப்போதெல்லாம் கிரகணத்தன்று முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுபோகிறோம். சிறிய கண்ணாடி ஒன்றின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை போட்டு, வெயிலில் வைத்து அந்த ஒளியை வீட்டுக்குள்ளே இருட்டான சுவரில் விழ வைத்தால் சூரியனே சுவரில் வந்துவிடும். கண்ணாடியை நேராகப் பார்க்கக் கூடாது, சுவரைத்தான் பார்க்க வேண்டும், இதை மட்டும் பத்துத் தடவை சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்று வீட்டில் வைத்திருந்தால் அவர்களை வெளியே வா என்று இழுக்க எனக்கு விருப்பம் இல்லை. கிரகணத்தின்போது புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை, சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் ஆபத்து என்று தெளிவாகச் சொல்கிறேன், அதற்கு மேல் அது அந்தப் பெண்ணும் அவர் குடும்பமும் எடுக்கும் முடிவு. மேடையில் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டுக் காட்டுவதும் நல்லதுதான், நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் பெண்ணுக்குக் கிரகணத்தைக் காட்ட வேண்டும் என்றால் கிரகணத்தை உள்ளே கொண்டுபோவது நல்ல வழி. 2019-இல் அப்படி ஒரு வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி, அவர் மாமியார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் சுவரில் வளையம் பார்த்தார்கள். “கங்கணம்னு பஞ்சாங்கத்துல போட்டிருந்தது இதுதானா” என்று மாமியார் கேட்டார். பஞ்சாங்கச் சொல் எவ்வளவு அழகாக அங்கே வந்து பொருந்தியது! கலைச்சொல் பற்றிக் கவலைப்படும் நண்பர்கள் பலர் உண்டு, முதலில் பொருளைக் காட்டிவிட்டால் சொல் தானாக வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

அதே சுவரில் ஒரு கணக்கும் போட்டோம். கண்ணாடியிலிருந்து சுவருக்கு 40 அடி, அதாவது 480 அங்குலம். சுவரில் சூரியன் நாலரை அங்குலம். வகுத்தால் 106-க்குச் சற்று மேல். ஓரம் மங்கலாக இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு 100, 103, 110 என்றெல்லாம் வந்தது, அதுவும் நல்லதுதான், அளவு என்றால் என்ன என்று பேச ஒரு வாய்ப்பு. சுவரின் தூரம் பிம்பத்தைப் போல எத்தனை மடங்கோ, சூரியனின் தூரமும் அதன் விட்டத்தைப் போல அத்தனை மடங்குதான். பூமியிலிருந்து சூரியனுக்கு அந்த நாளில் 14.7 கோடி கிலோமீட்டர். அதை 106-ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம், ஏறத்தாழ 13.9 லட்சம் கிலோமீட்டர். ஒரு முகக்கண்ணாடி, ஒரு டேப், ஒரு சுவர், சூரியனை அளந்தாயிற்று! இதில் ஒரு பெரியவர், சராசரியாக 108 வரும் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து, “நூத்தியெட்டா? அப்ப நம்ம முன்னோருக்கு இது தெரிஞ்சிருக்கு” என்றார். இங்கேயும் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். நான் சொன்னது இதுதான்: ஜனவரியில் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும், அப்போது 106 வரும், ஜூலையில் தள்ளிப் போகும், அப்போது 109. நடுவில் 108-ஐயும் தொடும். முன்னோர் அளந்து எழுதி வைத்த பாட்டோ ஏடோ இருந்தால் காட்டுங்கள், நானும் படிக்க ஆசைப்படுகிறேன். இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் நாம்தான் இன்றைக்கு அளந்திருக்கிறோம். அவர் ஜூலையில் ஒரு தடவை அளக்கலாமே என்றார்.

முன்னோர் என்றதும் ஒருவரைச் சொல்ல வேண்டும், நம்மில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர், 1867-இல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர், 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை இன்றைய தெலங்கானாவில் இருக்கும் வனபர்த்தியிலிருந்து பார்த்துப் பதிவு செய்தவர். கூடவே அவர் பஞ்சாங்கமும் போட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கம். ‘த்ருக்’ என்றால் கண், பார்வை. வானத்தில் கண்ணால் பார்ப்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றபோது, அது என்ன, ஏன் முக்கியம் என்று சாதாரண ஜனங்களுக்காக ஒரு சிறுநூல் எழுதி இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவரச் செய்தார். 150 வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர், பஞ்சாங்கம் பார்க்கிறவர்களைத் திட்டாமல், அவர்கள் கையில் இருக்கும் பஞ்சாங்கத்தையே சரிசெய்து கொடுத்து, அதன் வழியாக அவர்களை வானத்தைப் பார்க்க வைத்தார். எனக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் இயக்கங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தனியாக மூச்சு முட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-இல் தொடங்கியது, இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல். 1987-இல் நாடு முழுக்க அறிவியல் கலைப்பயணம் போனது, அதே ஆண்டுதான் ‘துளிர்’ சிறுவர் இதழும் வந்தது. அப்புறம் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பயணங்களில் பாட்டும் நாடகமும் இருந்தது, தெருவில் நடந்தது, நாற்காலி கிடையாது. உங்கள் மாவட்டத்திலும் ஆட்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இரவு வானம் பற்றி ஒன்று மட்டும். யாரிடமாவது தொலைநோக்கி இருந்தால் வாங்கி, பேருந்து நிறுத்தத்திலோ ரேஷன் கடைப் பக்கத்திலோ வையுங்கள். சனிக் கோளின் வளையத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் கண்ணை எடுத்துவிட்டு முன்பக்கம் போய்க் குழாய்க்குள் படம் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார்கள். தேடட்டும், அதுதான் சரியான சந்தேகம். தானாகத் திரும்பும் மோட்டார் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சனி மெல்ல நகர்ந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓரத்தில் மறையும். “ஓடுதுங்க, ஓடுது!” என்று கத்துவார்கள். அது ஓடவில்லை, நாமும் இந்தப் பேருந்து நிறுத்தமும் திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஒரு முறை ஒரு ஆட்டோ ஓட்டுநர் அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த மின்கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். பூமி சுழல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் அவரும், அன்றைக்குத்தான் அது அவருக்கு நடந்தது.

யூடியூபில் இதெல்லாம் இருக்கிறது, நானும் பார்க்கிறேன், நல்ல காணொளிகள் இருக்கின்றன. ஆனால் அதில் மிச்ச சக்தி இருக்குமே என்று ஒருவர் கேட்டால், சரி எத்தனை நாள் என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லை. ஆத்தா இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே விஷயத்தைப் பார்த்துவிட்டார்கள் என்றால், அப்புறம் அந்த ஊருக்குள் அது பேச்சாக இருக்கும்.

சொற்பொழிவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-இல் தொடங்கின, இன்றும் நடக்கின்றன. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அங்கே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து வைத்துக்கொண்டு தொடர்ச்சியாக ஆறு சொற்பொழிவு பேசியிருக்கிறார். எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருள், ஏற்றிக் காட்டி, அணைத்துக் காட்டி, புகையைத் திரும்பப் பற்ற வைத்துக் காட்டி, அதிலிருந்து காற்று, தண்ணீர், மூச்சு வரைக்கும் போனார். உங்கள் பிரபஞ்சச் சொற்பொழிவும் வீண் இல்லை, அது ஐந்தாவது கூட்டம், முதல் கூட்டம் இல்லை. சனி வளையம் பார்த்தவர், சுவரில் சூரியனை அளந்தவர் எப்படியும் ஒரு நாள் உங்களிடம் வந்து, “இதெல்லாம் எப்போ சார் ஆரம்பிச்சுது?” என்று கேட்பார். அன்றைக்கு 1380 கோடி ஆண்டு என்று சொல்லுங்கள், எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். தொடருங்கள், ஆனால் நாற்காலி வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். மதுரைப் பக்கம் ஆகஸ்ட் 27 வாக்கில் நிழலில்லா நாள் வருகிறது (ஏப்ரல் 16 வாக்கிலும் ஒன்று உண்டு, வெயிலில் யாரையும் நிறுத்த முடியாது, அதனால் ஆகஸ்டே நல்லது). சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டமாக நிற்கும் எதற்கும் நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்த நாள் வருவதே இல்லை, நமக்கு வருடத்துக்கு இரண்டு. ஊரில் ஒரு கொத்தனாரைப் பிடியுங்கள். கம்பு நட்டமாக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டும், தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டமும் அவரிடம்தான் இருக்கும், அந்த இரண்டையும் நம்மைவிட நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவரும் அவர்தான். கம்பை நடும் பொறுப்பு முழுக்க அவருடையதாக இருக்கட்டும். பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சாக்பீஸால் பிள்ளைகள் புள்ளி வைக்கட்டும். நிழல் மறைவது 12 மணிக்கு இருக்காது, 12.19 வாக்கில் இருக்கும். ஏன் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். நம் கடிகாரம் உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர்ப் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது, மதுரை அதற்கு நாலரைப் பாகை போல மேற்கே இருக்கிறது, பாகைக்கு நாலு நிமிடம், மிச்சத்தை அவர்களே கணக்குப் போடட்டும்.

அன்றைக்குச் சென்னையில் எனக்கு ஒரு போன் போடுங்கள். நான் இங்கே மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சி வைத்து, இங்கே நிழல் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், அது 12.10 வாக்கில் இருக்கும், அளந்து சொல்கிறேன். ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். அதிலிருந்து மூன்று பாகை என்றும், இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக சுமார் 350 கிலோமீட்டர் என்றும் எடுத்துக்கொண்டால் முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு என்று உங்கள் பிள்ளைகள் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம், 2200 வருடத்துக்கு முன்னால் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே கணக்கு.

மேகம் வந்துவிட்டால் மறுநாள் செய்யுங்கள், நிழல் அவ்வளவாக மாறியிருக்காது. அந்தப் பெரியவரையும் கூப்பிடுங்கள், வரும்போது உலக்கையையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நடுவதற்குக் கம்பு தேடவும் வேண்டாம், உலக்கையையே நிறுத்திவிடலாம்.